கொமாத்ரே சொன்னால் வருவார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் லத்தீனோ மக்களிடையே, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடையே, புற்றுநோய்த் தடுப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைத் தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு தமிழ்ப் பத்திரிகை இந்த விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிது என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நான்காவது பத்தியில் கையிலிருந்த காபி ஆறிப்போனது. இந்த மக்கள் விதியை நம்புகிறவர்கள், விழிப்புணர்வு இல்லாததால்தான் பரிசோதனைக்கு வருவதில்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீண்ட கடிதம். இடமில்லை என்றால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கோவில்பட்டிக்காரி. டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஹிடால்கோ கவுண்டியில் ஒரு சின்ன க்ளினிக்கில் 19 வருடமாக மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே படம், எடுக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் லத்தீனோக்கள். என் நிறத்தையும் பின்னலையும் பார்த்து என்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு மடமடவென்று ஸ்பானிஷில் கொட்டிவிடுவார்கள். வந்த புதிதில் திருதிருவென்று முழித்தேன். இப்போது அவர்கள் ஜோக்குக்குச் சரியான இடத்தில் சிரிக்கிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம்.

விதியைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. பேசுவார்கள். ‘ஸி தியோஸ் கியேரே’, கடவுள் சித்தம் இருந்தால், என்பது இங்கே வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மாதிரி. என் அம்மாவும் எல்லாவற்றுக்கும் ‘முருகன் விட்ட வழி’ என்பார். சொல்லிக்கொண்டே ரத்த அழுத்த மாத்திரை டப்பாவைத் திறப்பார். இரண்டும் ஒரே ஆளுக்குள் சண்டையில்லாமல் இருக்கும். இன்னொன்றும் சொல்வார்கள்: தேடுகிறவனுக்குக் கிடைத்துவிடும். நம் ஊரில் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். உடம்பில் ஒன்றும் வலிக்கவில்லை, எதற்குப் போய்ச் சோதித்து வம்பை விலைக்கு வாங்குவது என்கிற பயம். அது அறியாமை இல்லை. கண்டுபிடித்த பிறகு வைத்தியத்துக்கு யார் பணம் தருவார்கள் என்று தெரியாதவளின் கணக்கு அது.

1992இல் எலிசியோ பெரெஸ்-ஸ்தாப்லே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஒரே மருத்துவத் திட்டத்தில் இருந்த லத்தீனோக்களையும் வெள்ளையர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். அடிபட்ட கன்றிப்பினால் புற்றுநோய் வரும், சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பூட்டியால் வரும், அது கடவுள் கொடுத்த தண்டனை என்பதையெல்லாம் லத்தீனோக்கள்தான் அதிகம் நம்பினார்கள். உங்கள் கட்டுரையாளர் இந்த மாதிரி ஏதோ ஒன்றைத்தான் படித்திருக்க வேண்டும். அதோடு நின்றுவிட்டார். அந்த நம்பிக்கையைத் தெரிந்துகொண்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் என் வேலையே இருக்கிறது.

‘கோல்பே’ என்று ஒரு சொல். அடி, இடி என்று அர்த்தம். மார்பில் பட்ட அடி புற்றுநோயாக மாறும் என்று இங்கே பல பாட்டிமார் உறுதியாக நம்புகிறார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் லியோ சாவெஸ் என்ற மானிடவியலாளர் 90களில் லத்தீனாப் பெண்களையும் மருத்துவர்களையும் தனித்தனியாகக் கேட்டபோதும் இதே பேச்சு வந்தது. மருத்துவர் பட்டியலில் பரம்பரையும் வயதும், பெண்கள் பட்டியலில் கோல்பே. சரி, இப்போது என் மேமோகிராம் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். அது என்ன செய்கிறது? இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து நசுக்குகிறது. அடி பட்டால் புற்றுநோய் வரும் என்று நம்புகிறவளைக் கூப்பிட்டு, புற்றுநோய் வராமல் பார்த்துக்கொள்ள இதற்குள் வந்து நில் என்கிறோம். அவள் வராமல் இருந்தால் அதற்குப் பெயர் விதியா?

எனக்கே இது உறைக்க மூன்று வருடம் ஆனது. ஒரு அம்மா, பழத்தோட்டத்தில் கூலி வேலை, அறுபதைத் தாண்டியவர், கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இயந்திரம் இறங்குவதைப் பார்த்ததும் கவுனை இறுக்கிக்கொண்டு, ‘இதுதான் அதை உண்டாக்குகிறது, மீஹா’ என்றார். மீஹா என்றால் என் மகளே. கோபமில்லை, எனக்கு ஒரு உண்மையைச் சொல்லிக்கொடுக்கிற குரல். நான் பாடப்புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். கதிர்வீச்சு மிகக் குறைவு, அழுத்தம் சில விநாடிதான், அது இது என்று. தலையாட்டிக்கொண்டே துணியை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் எங்கள் க்ளினிக்கின் ப்ரொமோத்தோரா அவரைத் திரும்ப அழைத்து வந்தாள். நான் அவளிடம் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. தோர்த்தீயா அழுத்தியைக் காட்டினேன் என்றாள். சோள மாவை உருட்டி வைத்து இரண்டு பலகைக்கு நடுவே அமுக்கும் சாமான், இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். உருண்டையாக இருக்கிற மாவுக்குள் ஒரு சின்னக் கல் இருந்தால் தெரியுமா? அமுக்கித் தட்டையாக்கினால்தானே தெரியும்? அமுக்கினதாலா கல் வந்தது? இவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த அம்மா இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொண்டு, வலிக்கவே இல்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு அழுத்தி வாங்கினேன். இப்போதும் என் மேஜையில் இருக்கிறது.

ப்ரொமோத்தோரா என்றால் யார் என்று சொல்ல வேண்டும். நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. அதே தெருவில் குடியிருக்கும் பெண். சில வாரம் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். அவளை மற்றவர்கள் கொமாத்ரே என்று கூப்பிடுவார்கள். ஒருத்தியின் குழந்தைக்கு ஞானஸ்நானத் தாயாக நின்றவள் அவளுக்குக் கொமாத்ரே. பிறகு அது நெருங்கிய தோழி, ஊர்க்கதை பேசுகிறவள், கைமாற்றுக் கொடுக்கிறவள் எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. டாக்டர் சொன்னால் ‘ஸி, தோக்தோர்’ என்று மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மறுப்பது அவமரியாதை என்பதால் வரும் தலையாட்டல் அது. டாக்டருக்கு அது புரியாது, சம்மதம் என்று எழுதிக்கொள்வார். கொமாத்ரேயிடம்தான் ‘எனக்கு வெட்கமாக இருக்கிறது, என் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்’ என்ற பேச்சு வெளியே வரும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. பண்ணைத் தொழிலாளர் ஊர்களில், 50 வயதைத் தாண்டிய லத்தீனாப் பெண்களுக்காக ‘கூல்தீவாந்தோ லா சலூத்’ என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். ஆரோக்கியத்தை விளைவித்தல் என்று பொருள். ப்ரொமோத்தோராக்கள் வீடு தேடிப் போய், படத் தட்டியை வைத்துக்கொண்டு பேசினார்கள். மரியா ஃபெர்னாந்தெஸும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அப்படிப் பேசப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 41 சதவீதம் பேர் மேமோகிராம் எடுத்துக்கொண்டார்கள், பேசப்படாதவர்களில் 30 சதவீதம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையில் 40க்கு 24. குறைவு என்று நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன், வீடு தேடிப் போயும் நூற்றில் ஐம்பத்தொன்பது பேர் வரவில்லையே என்று. ஆனால் அந்தப் பத்துப் பதினோரு பேர் எனக்கு எண் இல்லை. அவர்களில் யாருக்காவது கட்டி இருந்தால், அது பட்டாணி அளவில் இருக்கும்போதே என் திரையில் தெரியும்.

மொழிக்கு வருகிறேன். எல்லோரும் ஸ்பானிஷில் மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு வரும் துண்டுப் பிரசுரங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பிரசுரம் முழுக்க எழுபது வயதுப் பாட்டியை ‘தூ’ போட்டு, ‘நீ பரிசோதனை செய்துகொண்டாயா?’ என்று கேட்டது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் மொழிபெயர்த்தவருக்கு உறுத்தவே இல்லை போலிருக்கிறது. பாட்டி அதை விசிறியாக வைத்து வீசிக்கொண்டிருந்தார்.

கருப்பை வாய்க்குப் பிரசுரத்தில் போடும் சொல் வேறு, பெண்கள் பேசும் சொல் வேறு. அவர்கள் ‘மத்ரீஸ்’ என்பார்கள், நாம் கர்ப்பப்பை என்று மொத்தமாகச் சொல்வது மாதிரி. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் அவர்கள் அதைத் தங்களுக்கில்லாத ஏதோ ஒன்று என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் பெயர். ஆங்கிலத்தில் எச்.பி.வி. ஸ்பானிஷில் அதை வி.பி.எச். என்று திருப்பிப் போடுவார்கள். எய்ட்ஸ் வைரஸுக்கு வி.ஐ.எச். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஒரு அம்மாவுக்கு, எந்த ஆய்வகம் என்று பெயர் வேண்டாம், போனில் ஒரு பதிவுச் செய்தி வந்தது: வி.பி.எச். பாசிட்டிவ், மருத்துவரைப் பாருங்கள். அவர் காதில் விழுந்தது வி.ஐ.எச். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த செய்தி. திங்கட்கிழமை எங்கள் வாசலுக்கு வந்தபோது கணவனை வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார். அவர் இன்னும் அந்த மனுஷனிடம் முழுசாக மன்னிப்புக் கேட்கவில்லை என்று கேள்வி. சிலருக்கு ‘பாசிட்டிவ்’ என்பதே நல்ல செய்தி வேறு. பாசிட்டிவ் என்று வந்தது, சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, ‘லத்தீனோ’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் 6 கோடியே 20 லட்சம் பேர் அந்தப் பெயருக்குள் வருகிறார்கள். ‘குவாகுவா’ என்றால் கியூபாக்காரருக்கும் புவேர்த்தோ ரீக்கோகாரருக்கும் பஸ், சிலே நாட்டுக்காரருக்குக் கைக்குழந்தை. பரிசோதனைக்குக் குவாகுவாவில் வாருங்கள் என்று ஒரு போஸ்டர் அடித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குவாத்தமாலாவிலிருந்து வருகிற சிலருக்கு மாயன் மொழிதான் தாய்மொழி, ஸ்பானிஷே இரண்டாவது. கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிற பலர் மிஷ்தெக் மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் பிரசுரமும் ஆங்கிலப் பிரசுரமும் ஒன்றுதான்.

உங்கள் கட்டுரையில் விழிப்புணர்வு என்ற சொல் ஏழு முறை வந்தது, எண்ணினேன். விவரத்தைச் சொல்லிவிட்டால் விழித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. லாஸ் ஏஞ்சலஸில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஷீலா மர்ஃபி, லூர்தெஸ் பாய்ஸ்கோந்தே-கர்பனாத்தி இருவரும் வேறு சிலரும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி இரண்டு சின்னப் படங்கள், இரண்டிலும் அதே தகவல்கள். ஒன்றில் மருத்துவர்கள் பேசுவார்கள், வரைபடம் வரும். இன்னொன்று நாடகம். தங்கையின் கின்சேயான்யேராவுக்காக, அதாவது 15ஆம் பிறந்தநாள் விழாவுக்காக, அம்மாவும் பெண்களும் சமையலறையில் தமாலே செய்கிறார்கள். தமாலே என்பது சோள மாவுக்குள் இறைச்சி வைத்து மடலில் சுற்றி வேகவைப்பது, கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். அந்தச் சமையலறைப் பேச்சில் மூத்தவளுக்கு வைரஸ் இருப்பது தெரியவருகிறது. ஆரம்பத்தில், வெள்ளையினப் பெண்களோடும் கறுப்பினப் பெண்களோடும் ஒப்பிட்டால், பாப் பரிசோதனை எடுத்துக்கொண்டதில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள்தான் கடைசி இடம். நாடகத்தைப் பார்த்த அந்தப் பெண்களிடம் ஆறு மாதத்தில் அந்த இடைவெளியே இல்லாமல் போனது.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. கதை வழியாகச் சொல்வதைத் திட்டமிட்டு ஆரம்பித்ததே ஒரு மெக்சிகோக்காரர்தான், மிகேல் சாபிதோ. 70களில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நேரடியாகப் பேசாமல் தொலைக்காட்சித் தொடராகவே எடுத்தார். அந்த வழியைப் பார்த்துத்தான் 1984இல் தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ வந்தது. மாம்பலத்தில் பெரியம்மா வீட்டில் அதை உட்கார்ந்து பார்த்தது நினைவிருக்கிறது. இந்தி ஒரு சொல் புரியாது. கடைசியில் அசோக் குமார் வந்து ஏதோ அறிவுரை சொல்வார், பெரியம்மா புரிந்த மாதிரி ‘கரெக்ட்’ என்பார். மெக்சிகோவிலிருந்து கிளம்பின யோசனை அன்று மாம்பலத்துக்கே வந்திருந்தது என்பது எனக்கு இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் ஆற்றின் மேல்பகுதியில் ஈகிள் பாஸ் என்று ஒரு எல்லை ஊர். அங்கே 80களில் அமேலி ராமிரெஸ், ஆல்ஃபிரெட் மெக்காலிஸ்டர் ஆகியோர் ‘ஆ சு சலூத்’ என்று ஒரு வேலை செய்தார்கள். சிகரெட்டை விட்ட உள்ளூர்க்காரர்களையே டிவியிலும் பத்திரிகையிலும் பேச வைத்தார்கள். அப்புறம் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள் வீடுவீடாகப் போய், ‘நேற்று நம்ம இன்னாரைப் பார்த்தீர்களா?’ என்று ஆரம்பிப்பார்கள். நிபுணர் யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை.

சரி, இனி கசப்பான பக்கம். ப்ரொமோத்தோராவும் நாடகமும் ஒரு பெண்ணை வாசல் வரை கூட்டி வரும். வாசல் பூட்டியிருந்தால்? அமெரிக்காவிலேயே மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் விகிதத்தில் முதலிடம் எங்கள் டெக்சாஸுக்கு. 2011இல் மாநிலச் சட்டமன்றம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைக்கான நிதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது. ஏழைப் பெண்களுக்குப் பாப் பரிசோதனை செய்துவந்ததும் அதே க்ளினிக்குகள்தான், பல மூடப்பட்டன. இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் சரியாக இருப்பவர்கள் பாலத்தைத் தாண்டி மெக்சிகோ பக்கத்து நுவேவோ ப்ரொக்ரேசோவில் குறைந்த செலவில் பார்த்துக்கொள்வார்கள். காகிதம் இல்லாதவள் போனால் திரும்ப முடியாது. வடக்கே போகலாமா என்றால், ஒரு மணி நேரம் காரில் போனால் ஃபல்ஃபூரியஸில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகள் எல்லாம் அதற்கு அந்தப் பக்கம். படத்தில் கட்டியைப் பார்த்த பிறகு, அந்தச் சாவடியை எப்படித் தாண்டுவது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இந்த நிலைமையில் ஒருத்தி ‘கடவுள் சித்தம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனால், அந்தச் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு அவள் கலாச்சாரம் அப்படி என்று எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விழிப்பில்லை என்ற குற்றச்சாட்டுக்கு இன்னொரு பதிலும் உண்டு. எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்ட இளம் வயதினர் விகிதத்தில் லத்தீனோக்கள் இந்த நாட்டு வெள்ளையர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. என்னிடம் வரும் அம்மாக்கள் பலர் மெக்சிகோவில் பள்ளியிலேயே தடுப்பூசி போட்டுப் பார்த்தவர்கள், ஊசி என்றால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். புகைபிடிப்பது குறைவு என்பதால் நுரையீரல் புற்றுநோயும் அவர்களிடம் குறைவு. வயிற்றிலும் கல்லீரலிலும் வருவது வெள்ளையரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கருப்பை வாயில் வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இதில் கருப்பை வாய் விஷயத்தில் கூச்சம் ஒரு பெரிய தடை, ஒப்புக்கொள்கிறேன். 2024 மே மாதம் முதல், எச்.பி.வி. பரிசோதனைக்குப் பெண்ணே மறைவாக இருந்து தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கும் முறைக்கு இங்கே அனுமதி உண்டு. எங்கள் ப்ரொமோத்தோராவுக்கு அதைச் சொன்னபோது, ‘இதை முதலிலேயே கொடுத்திருக்கக் கூடாதா?’ என்றாள்.

என் அம்மாவையும் சொல்லிவிடுகிறேன். 19 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற நான், மேமோகிராம் எடுத்துக்கொள் என்று கோவில்பட்டிக்குப் போன் போட்டு நான்கு வருடம் கெஞ்சினேன். ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்பார். போன தை மாதம் எடுத்துக்கொண்டார். காரணம் நான் இல்லை, தினமும் வாசலுக்கு வரும் பூக்காரம்மா, தான் எடுத்துக்கொண்டதைப் பற்றிச் சொன்னாராம்.

கடைசியாக ஒரு விஷயம். கட்டுரைக்கு மேலே பெரிய தொப்பியும் கள்ளிச்செடியும் போட்ட படம் ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். சுகாதாரப் பிரசுரக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மேல்தோலில் தொப்பி, உள்ளே பழைய சரக்கு. 1999இல் கென் ரெஸ்னிகோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதை மேற்பரப்பு, ஆழம் என்று பிரித்தே எழுதினார்கள். நிறமும் உடையும் பாட்டும் மேற்பரப்பு. யாருக்கு யார் மரியாதை, எது வெட்கம், எது பயம் என்பதெல்லாம் ஆழம். எங்கள் ஊரில் அந்தத் தொப்பியைச் சுற்றுலாப் பயணிகள்தான் வாங்குகிறார்கள். மறுபடி இந்த விஷயத்தை எழுதினால் படத்துக்கு அலைய வேண்டாம். என் மேஜையில் இருக்கிற தோர்த்தீயா அழுத்தியைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

என்னிடம் வருகிறவர்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோவில்பட்டி வாசகி,
ஹிடால்கோ கவுண்டி, டெக்சாஸ்.